ராசாத்தியின் மீன் தொட்டி

12.6.2001, செவ்வாய்

பக்கத்து வீட்டு ராசாத்தி மலைமேல் இருக்கும் அரியூர் நாடு என்ற கிராமத்துக்குக் கட்டட வேலைக்குப் போனபோது, தோட்டத்து மீன் தொட்டியை என் பொறுப்பில் விட்டுப் போனாள். அவளே சிமெண்டு பூசிக் கட்டியது. மோட்டார் கிடையாது, தண்ணீர் மாற்றுவதும் கிடையாது. பாசியும் கொசுப்புழுவும்தான் மீன்களுக்குச் சாப்பாடு. "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்க, தெனமும் ஒருக்கா எட்டிப் பாத்தாப் போதும்" என்றாள்.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. நேற்று பிரஷ் போட்டுத் தேய்த்து, பாசியையெல்லாம் வழித்து எறிந்துவிட்டு, குழாய்த் தண்ணீரால் நிரப்பினேன். தொட்டி பளபளவென்று இருந்தது. திங்கட்கிழமை பஞ்சாயத்து டேங்கில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவார்கள். அன்றைக்கு டீ போடக்கூட அந்தத் தண்ணீரை நான் தொடமாட்டேன். அது எப்படி மறந்ததோ. காலையில் மூன்று மீன்கள் செத்து மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பகல் முழுக்கத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

சாயங்காலம் பஸ் இறங்கி வந்த ராசாத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் சுளிக்கவில்லை. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, குடிக்க வைத்திருந்த கிணற்றுத் தண்ணீர் இரண்டு குடத்தையும் ஊற்றினாள். வேலியோரம் நான் வீசியிருந்த பாசியைப் பொறுக்கி வந்து போட்டாள். இருட்டுவதற்குள் மீன்கள் அடியில் இறங்கி நீந்தத் தொடங்கிவிட்டன.

"பொழச்சுக்குமுங்க" என்றாள். "வியாழக்கிழம மறுபடியும் மலைக்குப் போறேன். பாத்துக்கறீங்களாக்கா?"

நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். சரி என்றுவிட்டேன். பிரஷை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, அவள் திரும்பி வரும்வரை அவருடைய கடையிலேயே பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.