கிள்ளைக்கும் பழசுக்கும் நடுவில்

ஐப்பசி 5, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கடலூர் ஸ்டூடியோ வாசலில் முழங்கால் சேறு. குடைக்கம்பி உடைந்தது.

கிள்ளையிலிருந்து சங்கீதா போன். போன வருஷம் நாங்கள் படம் எடுத்த கல்யாணப் பெண். கல்யாணம் முடிந்த கையோடு அவள் அப்பா இறந்துபோனார். ஆல்பம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது தெவசம். "அக்கா, அப்பா சிரிக்கிற படம் ஒண்ணு பெருசா போட்டுக் குடுங்க. வீட்ல ஆதார் படந்தான் இருக்கு. மொறைக்கிறாரு."

வியாழன் சிதம்பரம் கிளைக்கு வரச் சொன்னேன். படமெல்லாம் அங்கேதான்.

புதன்

மழை விடவில்லை. சிதம்பரம் கிளையிலிருந்து சேகர் போன். முதலாளியின் மச்சான். "டிஸ்க் ஃபுல்லுக்கா. நெல்லிக்குப்பம் கல்யாணம் ஏத்த எடமில்ல."

ஊர்ப் பெயரில் போல்டர் வைப்பது எங்கள் வழக்கம். 'கிள்ளை': நல்ல படங்கள். 'கிள்ளை பழசு': நான் கழித்தவை. கழித்ததை அழிக்கச் சொன்னேன். பெயருக்கு நடுவில் இடைவெளி இருக்கிறது, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போடு, இல்லாவிட்டால் இரண்டு பெயர் என்று எடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னேன். "தெரியும்க்கா."

அவன் தட்டிய அழிப்புக் கட்டளை, மேற்கோள் குறி இல்லாமல்:

rm -r கிள்ளை பழசு

'கிள்ளை' போய்விட்டது. கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை. 'பழசு' என்று எதுவும் இல்லை என்று மட்டும் சொன்னது. "இல்லேன்னு வந்துச்சு, அப்ப அழிஞ்சிடுச்சின்னு நெனச்சேன்." அதன் மேலேயே நெல்லிக்குப்பத்தை ஏற்றிவிட்டான். இனி மீட்க முடியாது.

முதலாளி: "நீ ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்கணும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இன்னொரு டிஸ்க்கில் நகல் வைப்போம் என்று நான் கேட்டபோது சிரித்தவர்.

வியாழன்

நல்ல வெயில். புதுக்குடை தண்டம். பஸ்ஸில் நின்றபடியே சிதம்பரம்.

'கிள்ளை பழசு' பத்திரமாக இருந்தது. திறந்தால் எல்லாவற்றிலும் சங்கீதாவின் அப்பா. சாம்பார் வாளியோடு குறுக்கே ஓடுகிறார். பாதி முகம். தோள். முதுகு. படத்தைக் கெடுக்கிறார் என்று நான் கழித்த மனுஷன். அழுகை வந்தது. டீ சொல்லட்டுமா என்றான் சேகர். அறையலாம் போலிருந்தது.

சங்கீதா வந்தாள். முதலாளியும் உட்கார்ந்திருந்தார்.

"முழு மூஞ்சி ஒண்ணுகூட இல்லியாக்கா?"

நான் வாய் திறப்பதற்குள் முதலாளி: "உங்க அப்பா எங்கம்மா ஒரு எடத்துல நின்னாரு?"

அவள் சிரித்துவிட்டாள். "ஆமா சார். அவரு அப்படித்தான்." கையெடுத்துக் கும்பிட்டாள். முதலாளியை. நல்ல படங்கள் அழிந்ததை நான் சொல்லவில்லை. வேலை வேண்டுமே.

முதுகு தெரிகிற படத்தை எடுத்துக்கொண்டாள். வாளி மட்டும் தெளிவு.

"மாலை போடறதுன்னா பெரிய சைஸா போடுங்கக்கா" என்றான் சேகர்.

போட்டுக் கொடுத்தேன்.