சிவப்பு கூலன்ட்

இல்லடா, தப்பு என் கியர்பாக்ஸ் மேல இல்ல, உன் ரேடியேட்டர் மேலதான். நீ செத்துப் போயிட்டேன்னு நான் விட்டுக் குடுப்பேன்னு நினைக்காத.

காலையில உன் பொண்டாட்டி ரோஸி உன் காரைக் கொண்டாந்து நிறுத்தினா. கூலன்ட் டப்பா மூடியத் திருகினேன். உள்ள ரோஸ்மில்க் மாதிரி நுரைச்சுக் கிடக்கு. விரல விட்டு மோந்தேன். கியர் ஆயில். உன் காக்கிச் சட்டையிலயும் இதே வாசம்தான் அடிக்கும். விரலத் துடைக்க மனசு வரல.

மண்டி மொஹல்லா சந்துல நமக்கு ஒரே ஷெட்டு. ரேடியேட்டர் நீ, கியர்பாக்ஸ் நான். ஆட்டோமேட்டிக் வண்டியில என் ஆயில் உன் ரேடியேட்டருக்குள்ள போய்த்தான் சூடு ஆறி வரும். நடுவுல இருக்கறது ஒரு தகடு. அது ஓட்டையானா ரெண்டும் கலந்துரும், யார் தப்புன்னு நமக்குள்ள சண்டை வந்துரும்.

அதுக்குத்தான் உன் சொந்த வண்டிக்காவது பச்சை கூலன்ட் ஊத்துன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். ஆயிலும் சிவப்பு, கூலன்ட்டும் சிவப்புன்னா கலந்தது எவன் கண்ணுக்குத் தெரியும்? "வண்டிக்கும் ரத்தம் சிவப்புதான் மாராயா"ன்னு கன்னடக்காரன் மாதிரி சொல்லிட்டு, நான் பேசிட்டிருக்கும்போதே எந்திரிச்சுப் போயிட்ட. ஒரு நாளாவது முழுசாக் கேட்டிருக்கியா நீ?

ரோஸிக்கு முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியாது. கொள்ளேகால்ல உன் கல்லறைக்குப் பூ வைக்கப் போறதுன்னா அவளுக்கு கிளட்ச் இல்லாத இந்த வண்டிதான். கியர்பாக்ஸுக்குள்ள கூலன்ட் தண்ணி நல்லா ஏறியிருந்தா பிளேட்டெல்லாம் உரிஞ்சுரும், அப்புறம் எடைக்குத்தான் போடணும். ஹேண்ட்பேக்க நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நின்னா. "ஓடுமாண்ணா?"

கியர்பாக்ஸ்ல ஆயில் பாக்கற டிப்ஸ்டிக்க உருவினேன். நுனியில தண்ணி கலந்த வெளுப்பு லேசா, அவ்வளவுதான். ரேடியேட்டரை மாத்தி, வெளுப்பு போற வரைக்கும் ஆயிலை ஊத்தி ஊத்தி வடிச்சா காப்பாத்திரலாம், அதுவரைக்கும் சாவியத் தொடாத, இந்த ஞாயிறு பஸ்ல போயிட்டு வான்னேன். தலைய ஆட்டினா.

இனிமே பச்சைதான் ஊத்துவேன்னேன்.

"சிவப்பே ஊத்துங்கண்ணா. அவர் ஊத்தினது."

ஏன்னு விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். நாலு வார்த்தை பேசறதுக்குள்ள சந்து முனைக்குப் போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல. அப்படியே நீதான்.

சிவப்பு, பச்சை ரெண்டு டப்பாவையும் முன்னாடி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீயாவது நில்லுடா. நான் ஜெயிக்கறதுக்காகச் சொல்லல. மூடியத் தொறந்து மோந்து பாக்க இப்ப நீ இல்ல, அவ தனியா ஓட்டுறா, பச்சைன்னா அவ கண்ணுக்கே... டேய், எங்கடா எந்திரிச்சுப் போற?