ஆளுக்குப் பாதிப் படம்

செப்டம்பர் 2, செவ்வாய்

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் டிவிடி கடையில் சந்தா சேர்ந்துவிட்டேன். மாணவர்களுக்கு முதல் மாதம் இலவசமாம். ஒரு நேரத்தில் இரண்டு படம் எடுக்கலாம், திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. தொடர்வதா வேண்டாமா என்று மாதக் கடைசியில் சொல்ல வேண்டும். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு வீட்ல இருக்கறவங்களுக்கு" என்றார் கடைக்கார அம்மா.

வீட்டில் இருப்பது அக்காவும் நானும்தான். இருப்பது என்று சொல்வதே அதிகம். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இந்த வருடம் முழுக்க நைட் டியூட்டி. நான் பல் மருத்துவம் இரண்டாம் வருடம். காலையில் நான் கிளம்பும்போது அவள் வருவாள், சாயங்காலம் நான் வரும்போது அவள் கிளம்புவாள். ஒரே சாவி. அதை வாசலில் கைமாற்றிக்கொள்வதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

வகுப்பில் என் பக்கத்து மேஜைக்காரி சுருட்டை (முடியைப் பார்த்தால் காரணம் புரியும்) கேட்டாள்: "மெழுகுல ஒரு கடைவாய்ப்பல் செதுக்கறதுக்கே உனக்கு ஒரு வாரம் ஆகுது. இதுல சினிமா ஒரு கேடா?"

கேடுதான். பார்ப்போம்.

செப்டம்பர் 4, வியாழன்

படம் எதுவும் பார்க்கவில்லை. பல்லைப் பார்த்த சார், "இது பல்லா, தேய்ஞ்சு போன சோப்பா?" என்றார்.

செப்டம்பர் 5, வெள்ளி

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் ஒரு அறை காலியாகிறதாம். கேட்டால் கிடைக்குமாம், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "பஸ்ல தொங்கிட்டுப் போக வேண்டாம். நாம எப்படியும் பாத்துக்கறதே இல்லையே. நீயும் பெருசா ஒரு மேஜை போட்டுக்கலாம்."

"ஆமா, நல்லதுதான்" என்றேன்.

நல்லதா? யாருக்கு? அந்த வார்த்தை எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவளும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒருவழியாக முதல் படம். பிளேயருக்குள் டிஸ்க் ஏற்கனவே இருந்தது, நான்தான் போட்டுவிட்டு மறந்திருப்பேன். பட்டனை அமுக்கியதும் நேராகக் கோர்ட்டில் ஆரம்பித்தது. யார், எவர், என்ன வழக்கு என்று ஒரு விளக்கமும் கிடையாது. எல்லோரும் அழுகிறார்கள். பெயர்களைக்கூடக் கடைசியில்தான் போட்டார்கள். பெரிய கலைப்படம் போலிருக்கிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. நேரமில்லாத மாணவிக்கு வேறென்ன வேண்டும்?

செப்டம்பர் 10, புதன்

நேற்று சாயங்காலம் இன்னொரு படம். கல்யாண மண்டபத்தில் பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதில் ஆரம்பம்! இதுவும் குட்டிப் படம்தான்.

காலையில் சுருட்டைக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். நல்ல இயக்குநர்கள் கதையை நடுவில் தொடங்குவார்கள், முன்கதையை நம் கற்பனைக்கு விட்டுவிடுவார்கள் என்று. அவள் வாய் பிளந்து கேட்டாள். சந்தா எனக்குச் சரிப்பட்டு வரும்.

செப்டம்பர் 12, வெள்ளி

மானம் போயிற்று.

வாசலில் சாவியைக் கொடுக்கும்போது அக்கா கேட்டாள்: "அந்தப் போஸ்ட்மேன் படம் பாத்தியா? எவ்வளவு நல்ல மனுஷன், பாவம்!"

"யாரு, அந்தக் கொலைகாரனா?"

சாவி கீழே விழுந்தது. விசாரித்தால், அம்மணி காலையில் டியூட்டி முடிந்து வந்து படத்தைப் போடுகிறாள். பாதியில் சோபாவிலேயே தூங்கிப்போகிறாள். முழித்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கட்டிலுக்குப் போகிறாள். அந்தப் பிளேயர் விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. சாயங்காலம் நான் அமுக்கினால் அங்கிருந்து ஓடுகிறது.

"அப்புறம் நீ முடிவைப் பாக்கவே இல்லையா?"

"மறுநாள் போட்டா பேர் ஓடிட்டு இருக்கும்டி. சரி, தூக்கத்துலயே பாத்துட்டோம் போலன்னு விட்டுட்டேன்."

இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் பஸ்ஸை விட்டுவிட்டாள். நாங்கள் சேர்ந்து இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று?

சுருட்டையிடம் சொல்லப்போவதில்லை. செத்தாலும்.

செப்டம்பர் 15, திங்கள்

இனிமேல் முதலிலிருந்து பார்ப்பது என்றுதான் நினைத்தேன். ஆனால் உட்கார்ந்தால் பாதிப் படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. அவளுக்கோ பாதிப் படத்துக்குத்தான் கண் திறந்திருக்கிறது. அதனால் ஒப்பந்தம்: முதல் பாதி அவளுடையது, மீதி என்னுடையது. சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை கூடப் போய் அவள் கதையைக் கேட்டுக்கொள்வேன். காலையில் வாசலில் என் பாதியைச் சொல்வேன்.

அவள் கதை சொல்லும் அழகு இருக்கிறதே! டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் வார்டை ஒப்படைப்பது போலவே சொல்கிறாள். "ஹீரோ, முப்பது வயசு இருக்கும். ரெண்டு நாளா சரியா சாப்பிடல, தூக்கமும் இல்ல. அண்ணன்காரன் வந்து பாத்துட்டுப் போனான், பேச்சு வார்த்தை இல்ல. அந்த வயசானவரை மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்கோ, எப்ப வேணா போயிடுவார்."

போய்விட்டார். இடைவேளைக்கு அப்புறம் முதல் காட்சியிலேயே.

செப்டம்பர் 16, செவ்வாய்

நான் ஆட்களைப் பல்லை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறேனாம். "முன்பல் சந்து இருக்கே, அவன்தான் பணத்தை எடுத்தான்" என்றால் அவளுக்கு யாரென்றே தெரியவில்லை. "பல்லை யாருடி பாத்தா? அவனுக்கு மூட்டு வலியா, அதைச் சொல்லு!"

செப்டம்பர் 19, வெள்ளி

பெரிய மேஜை போட இடம் அளந்து பார்த்தேன். நன்றாகவே பொருந்தும். எரிச்சலாக வந்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

டெஸ்டில் மண்ணைக் கவ்வினேன். சுருட்டை ஆறுதல் சொல்லவில்லை: "முதல்ல அந்தக் கடையைத் தலைமுழுகு." அவள் சொல்வதில் தப்பில்லை. உட்கார்ந்து யோசித்தால் இந்தச் சந்தா எனக்கு எந்த வகையிலும் ஆகாது. நேரம் இல்லை, எடுத்த படம் தூசி படிந்து கிடக்கிறது, பார்த்ததும் பாதிதான்.

இந்த வாரம் படம் கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

காலையில் அக்கா வாசலில் நின்று, "படத்துல அந்தப் பொண்ணு வீடு போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை என்றேன். டெஸ்ட், பல், நேரமில்லை என்று என்னென்னவோ சொன்னேன்.

"பரவால்ல. டியூட்டி பூரா அதையே யோசிச்சிட்டு இருந்தேன், அதான் கேட்டேன்."

முகம் சுருங்கிப்போயிற்று. சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாள் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. கத்தி வழுக்கி மெழுகுப் பல் இரண்டாகப் போயிற்று.

செப்டம்பர் 26, வெள்ளி

சொல்லிட்டேன். பஸ் ஸ்டாப்ல, அத்தனை பேர் முன்னாடி. போகாதேன்னு. எனக்கு மேஜை வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், நீ போயிட்டா நான் சாவியை யார்கிட்ட குடுக்கறதுன்னு. கூடவே அழுகை வேற - அசிங்கமா, மூக்கெல்லாம் ஒழுகி.

"நல்லதுதான்னு நீதானேடி சொன்ன?"

"நான் சொன்னா? நீ உடனே தலையாட்டிடுவியா?"

"நீ வேண்டாம்னு சொல்லுவன்னு நெனச்சுத்தான் உன்கிட்ட வந்து சொன்னேன்" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள். போகப்போகிறாளா, இருக்கப்போகிறாளா? தெரியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

அக்காவுக்கு இன்று லீவு. முதல்முறையாக ஒரு படத்தை ஆரம்பத்திலிருந்து சேர்ந்து பார்த்தோம். பகல் வெளிச்சத்தில், திரைச்சீலையை இழுத்துவிட்டு. அவள் காலை என் மடியில் நீட்டிக்கொண்டாள். குவார்ட்டர்ஸ் பற்றி அவளும் பேசவில்லை, எனக்கும் கேட்கப் பயம்.

சரியாகப் பாதியில் குறட்டை.

நான் படத்தை நிறுத்திவிட்டேன். மீதியை இன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்து உடைந்த பல்லுக்குப் பதில் புதிதாக ஒன்று செதுக்கினேன். கால் மரத்துப்போனது. பல் நன்றாக வந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

சாயங்காலம் அக்காவை பஸ் ஏற்றிவிட்டு அப்படியே எதிர்க் கடைக்குப் போனேன். சந்தாவைத் தொடர்கிறேன், ஆனால் இரண்டு படம் வேண்டாம், ஒரு படத் திட்டத்துக்கு மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

கடைக்கார அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏம்மா, வீட்ல ஆள் குறைஞ்சுட்டாங்களா?"

"இல்லம்மா. அக்கா எங்கயும் போகல, ரெண்டு பேரும் இருக்கோம். அதான் ஒண்ணு போதும்."