பெரட்டில் வாசித்த ஐம்பது பெயர்

செவ்வாய், 4. காலையிலிருந்து தூறல்.
தேயிலைத் தொழிற்சாலைக் கூட்டத்தில் மானம் போயிற்று. தோட்டத்து மேனேஜர் துரை பேசிக்கொண்டிருந்தார், எனக்குக் கொட்டாவி. சோம்பல் முறிக்க இரண்டு கையையும் தூக்கினேன். “வெரி குட்! மாணிக்கம்தான் முதல் ஆள்!” கைதட்டல் வேறு. எதற்கு முதல் ஆள் என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தொண்டு வேலையாம். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு வெள்ளையடிப்பு, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்பக்கம் சாக்கடைக் கான் துப்புரவு. விருப்பம் உள்ளவர்கள் மட்டும். சம்பளம் இல்லை, டீசேர்ட் உண்டு.
அந்தக் கானுக்காக மூன்று தடவை மனு கொடுத்தோம். அப்போது இல்லாத பாசம் இப்போது எங்கிருந்து?

புதன், 5. வெயில்.
குடையைத் தொலைத்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.
மகள் கவிதா பதுளை ஆபீசிலிருந்து வந்தாள். தோட்டக் கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாதம். ஆட்களைத் தொண்டுக்கு ஊக்கப்படுத்துவது அவள் பொறுப்பாம். எனக்கு இன்றுதான் தெரியும்.
“ஏன் திடீர்னு? வெளிநாட்டுக்காரன் எவனாச்சும் பார்க்க வர்றானா?”
“உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகந்தாம்ப்பா.”
“வர்றானா, இல்லையா?”
“அடுத்த வாரம்.” சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நாற்பது பேராவது வராவிட்டால் தன்னை நிரந்தரமாக்க மாட்டார்கள் என்றாள்.

வெள்ளி, 7. பனி.
பட்டியலில் மூன்றே பெயர். அதில் ஒன்று கொட்டாவி விட்டவன்.
கவிதா லயம் லயமாக ஏறி இறங்கினாள். முத்தையா கங்காணி என்னிடம், “ஒம் மக நல்லாத்தான் பேசுது மாணிக்கம். இன்னைக்கு சும்மா செஞ்சா, நாளைக்கு அதையே வழக்கமாக்கிருவானுங்களே?” நானும் அதைத்தான் நினைத்தேன்.
கொழுந்து எடுக்கும் செல்லம்மா: “ஞாயித்துக்கெழம ஹாலிஎலயில இருந்து மகளப் பொண்ணு பார்க்க வர்றாங்கண்ணே. என்னய விட்டுருங்க.”
கவிதா சாப்பிடவில்லை. தலைவலியாம். அவள் தலைவலி எனக்குத் தெரியாதா?
வாங்க வேண்டியது: சவர்க்காரம், பிளேடு, குடை. பின்னேரம் முத்தையா வீட்டுக்கு, வெற்றிலையோடு.

சனி, 8. மறுபடி தூறல்.
கவிதா பெயின்ட் எடுக்கப் பதுளைக்குப் போய்விட்டாள். வேலைக்குப் போகிற வழியில், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்றேன். முத்தையா அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுத்த கையோடு ஐம்பது பெயர் வாசித்தார். “நாளைக்கு ஏழரைக்கு, பிள்ளைக் காம்பரா.” யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரட்டில் பெயர் வாசித்தால் போவதுதான் இங்கே பழக்கம்.
முத்தையா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஞாயிறு, 9. நல்ல வெயில்.
ஐம்பது பேரும் வந்தார்கள். கம்பெனி டீசேர்ட் என் தொப்பையைத் தாண்டி இறங்கவில்லை. படம் எடுத்தவன் என்னைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டான். சுவருக்குத்தான் அதிகப் படம். கானுக்கு ஒன்றுகூட இல்லை.
செல்லம்மா முழங்கால் சேற்றில்.
“ஹாலிஎலக்காரங்க?”
“வர வேணாம்னு சொல்லிட்டேண்ணே. பேர் வாசிச்ச பொறகு வராம இருக்க முடியுமா?”
மண்வெட்டியை வாங்கி அவள் பங்கை நான் வெட்டினேன். பத்து நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.
பின்னேரம் கவிதா, கன்னமெல்லாம் வெள்ளைப் பூச்சோடு: “பார்த்தீங்களாப்பா? யாரையும் கட்டாயப்படுத்தல. மனசோட வந்திருக்காங்க. இப்பவாச்சும் சந்தேகம் போச்சா?”
“போச்சும்மா” என்றேன்.
சொல்லாதது: வெள்ளிக்கிழமை அந்த ஐம்பது பெயரையும் எழுதி, பிள்ளையின் வேலை போய்விடும் என்று முத்தையாவிடம் கெஞ்சி, பெரட்டில் வாசிக்கக் கொடுத்தது நான்தான். செல்லம்மா ஏழாவது பெயர்.