ஐந்தாம் காங்கிரஸும் உம்முடைய தைலப் போத்தலும்

இன்று காலை கடையில் என் கல்லாவுக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். கையில் ஒரு பாணும் ஒரு மீன் ரின்னும். ஆள் கிட்ட வருவதற்கு முன்பே மணம் வந்துவிட்டது. கற்பூரமும் புதினாவும் சேர்ந்து மூக்கைப் பிடித்து இழுக்கிற அந்தப் பச்சைத் தைலம். சட்டைக்குள்ளே நெஞ்சு முழுக்கப் பூசியிருக்கிறார். இடது கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் பொக்கற்றில் காசைத் தேடினார். அது உம்முடைய மணம்.

"எங்கை நோகுது?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அக்கா. வாயு."

நீரும் இதே சொல்லைத்தான் சொன்னீர்.

"ஆஸ்பத்திரிக்குப் போனனீங்களோ?"

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அங்கை பெயர் கேப்பினம் அக்கா. என்னட்டை விசாப் பேப்பர் இல்லை."

அவரை நான் என்ன செய்தேன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உம்மோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நீர் போனபின் இத்தனை வருடமாக அதை யாரோடு பிடிப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் கடைசியில் நீர் பாரிசுக்கு வந்தீர். ஊரில் யுத்தம் முடிந்த அந்த வருடம், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாசப்பலில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரெலிபோன் அட்டை வாங்க வருகிறவர்கள் எண்ணை அடித்துப் பார்த்துவிட்டு, மறுமுனையில் யாரும் எடுக்காமல், கடைக்குள்ளேயே நின்று அழுதார்கள். அப்படி ஒரு நாளில்தான் லீக்ஸ் கட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நீர் என் முன்னால் நின்றீர். தலை பாதி நரைத்திருந்தது. பல்கலைக்கழகத்தில் ஒரே சரித்திர வகுப்பில் இருந்தவரை நான் அடையாளம் காணச் சற்று நேரம் எடுத்தது.

"நீர் இஞ்சையோ?" என்றேன்.

"ஓம் காணும். அமெரிக்காவுக்குத்தான் வெளிக்கிட்டனான். இஞ்சை இறக்கிவிட்டிட்டாங்கள்" என்றீர்.

நான் சிரித்துவிட்டேன். அந்த வருடத்தில் நான் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்தப் பகிடி எனக்கு மட்டும்தான் விளங்கும். எங்கள் வகுப்பில் எல்லோரும் ஆய்வுக்குச் சோழரையும் ஒல்லாந்தரையும் எடுத்தபோது, நீர் போய் அமெரிக்காவின் ஐந்தாவது காங்கிரஸை எடுத்தீர். நாடு புதிதாக உண்டாகிச் சில வருடங்களே ஆன காலத்தில், பிலடெல்பியாவில் இருந்த நாடாளுமன்றம். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றேழு தொடக்கம் தொண்ணூற்றொன்பது வரை அதன் தவணை. கன்ரீனில் உமக்குக் காங்கிரஸ் என்றே பெயர் விழுந்தது. வெளியாட்கள் நீர் எங்கள் ஊர்க் கட்சி ஒன்றுக்குக் கொடி பிடிக்கிறவர் என்று நினைத்தார்கள். ஏன் இதைப் பிடித்துத் தொங்குகிறீர் என்று நான் கேட்டதற்கு, "பயந்துபோன ஒரு நாடாளுமன்றம் என்ன செய்யும் எண்டு பாக்கவேணும்" என்றீர். அப்போது அது வெறும் படிப்பாளியின் பேச்சாகத்தான் எனக்குப் பட்டது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், பாரிசுக்கு வெளியே பொபினியிலுள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரத் தொடங்கினீர். நிலத்தடி ரயிலான மெத்ரோவில் வரமாட்டீர். மெத்ரோ வாசலில் கொன்துரோல் என்று பொலிஸ் நிற்கும், பேப்பர் கேட்பார்கள் என்ற பயம். லாசப்பலில் இருந்து கால்வாய்க் கரையோரமாக நடந்தே வருவீர். மழை என்றாலும் நடைதான். வந்ததும் சப்பாத்தைக் கழற்றி ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் மனுசன் இவரோடு இருந்து கதைக்கத் தொடங்குவீர். இவருக்குச் சரித்திரம் என்றால் வேம்பு. ஆனால் உம்முடைய காங்கிரஸ் கதையை மட்டும் வாய் பிளந்து கேட்பார். சபைக்குள் ஒரு உறுப்பினர் இன்னொருவரின் முகத்தில் துப்பியதையும், துப்பு வாங்கியவர் பிறகு கைத்தடியோடு வந்து அடித்ததையும், மற்றவர் அடுப்புக் குறட்டைத் தூக்கியதையும் நீர் எழும்பி நின்று நடித்துக் காட்டுவீர். துப்பினவர் பின்னால் ஜனாதிபதியைக் குறைசொல்லி எழுதியதற்காக மறியலுக்குப் போனார், சிறைக்குள் இருந்தபடியே தேர்தலில் வென்றார் என்றபோது இவர் கைதட்டினார். "உப்பிடி ஒருத்தன் எங்கடை பக்கம் இல்லாமல் போனானே தம்பி!" என்றார்.

ஒருநாள் என் மகள் இடையில் புகுந்தாள். அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசர்களும் புரட்சியும் நடந்துகொண்டிருந்தது. குறைசொன்னால் சிறை என்கிற மாதிரிச் சட்டங்களை அந்தக் காங்கிரஸ் யாருக்குப் பயந்து போட்டது என்று பிரெஞ்சில் கேட்டாள். நீர் தமிழில் பதில் சொன்னீர்.

"பிரெஞ்சுக்காரருக்குப் பயந்து, குஞ்சு. உன்ரை ரீச்சரின்ரை ஆக்களுக்கு."

அவள் நம்பவில்லை. நீர் ஆறுதலாக விளங்கப்படுத்தினீர். பிரான்சில் புரட்சி, அவர்கள் பிடித்து வைத்திருந்த கரிபியன் தீவில் கலவரம் என்று ஓடிப்போன பிரெஞ்சுக்காரர் பிலடெல்பியாவில் குவிந்திருந்தார்கள். பாண் சுட்டார்கள், தலைமயிர் வெட்டினார்கள், புத்தகக் கடை வைத்தார்கள். வீதியில் அவர்களுடைய மொழியே கேட்கும். அந்த நேரம் பிரான்சோடு யுத்தம் மூளும் என்று ஊரே நடுங்கியது. காங்கிரஸ் ஒரு கோடை காலத்துக்குள் சட்டங்களை அடுக்கியது. குடியுரிமைக்கு ஐந்து வருடம் இருந்தால் போதும் என்றதைப் பதினான்கு வருடம் ஆக்கினார்கள். ஆபத்தானவர் என்று ஜனாதிபதிக்குத் தோன்றினால் போதும், எந்த வெளிநாட்டவரையும் விசாரணை இல்லாமல் நாட்டைவிட்டு அனுப்பலாம் என்றார்கள்.

"அண்டைக்கு அவை இருந்த இடத்திலைதான் இண்டைக்கு நாங்கள் இருக்கிறம்" என்றீர் இவரிடம். "பாரிசிலை இருந்துகொண்டு இதைச் சொல்லுறது எனக்கே பகிடியாக் கிடக்கு அண்ணை."

ஆனால் ஒரு நல்ல செய்தியும் வைத்திருந்தீர். அந்த வெளிநாட்டவர் சட்டத்துக்கு இரண்டு வருடத் தவணை அதற்குள்ளேயே எழுதியிருந்தது. தவணை முடிந்தது, சட்டமும் செத்தது. அதைப் போட்ட கட்சியும் அடுத்த தேர்தலில் தோற்றது. அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு ஆளைக்கூடக் கப்பலேற்றவில்லை என்று நீர் சொன்னபோது, என் வீட்டு மேசையைச் சுற்றி எல்லோருக்கும் மனம் இலேசானது. நான் உமக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டேன்.

அந்தப் பேச்சு எவ்வளவு நாள் தாங்கியது? உம்முடைய அகதி விண்ணப்பம் முதலில் றிஜே என்று நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடும் றிஜே. நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது. ஊரில் உம்மைத் தேடி வந்தவர்கள் உம்முடைய தம்பியைக் கொண்டுபோயிருந்தார்கள், அவன் திரும்பவில்லை. திரும்பிப் போனால் உமக்கும் அதுதான். அதைச் சொல்லத்தான் நீர் வந்தீர், சொன்னது போதவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு நீர் கதை சொல்வதை விட்டுவிட்டீர். சாப்பிடும்போது லிப்ற் ஓசை கேட்டால் கையைக் கோப்பையில் வைத்தபடி நிற்பாட்டுவீர். நீலச் சீருடையைக் கண்டால் தெருமாறிப் போவீர், அவர் தபால்காரர் என்றாலும்.

அந்த மாரியில்தான் தைல மணம் தொடங்கியது. முதலில் கைக்குட்டையில். பிறகு கோட்டில், கழுத்துத் துண்டில், நீர் இருந்து எழும்பின கதிரையில். படியேறி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பீர். கேட்டால் வாயு என்பீர். கோட்டுப் பொக்கற்றில் அந்தச் சின்னப் போத்தல் எப்போதும் இருந்தது.

"விசர்க்கதை கதையாமல் ஆஸ்பத்திரிக்குப் போம்" என்றேன். "பேப்பர் இல்லாட்டியும் பாப்பினம். நான் கூட வாறன்."

"அங்கை முதல் பெயரைக் கேப்பினம் காணும். பெயர் கொம்பியூட்டருக்குப் போகும். அங்கையிருந்து எங்கை போகும் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"ஒரு இடமும் போகாது!"

"உமக்கு வதிவிடக் கார்த் இருக்கு. அதாலை சொல்லுறீர்."

எனக்குக் கோபம் வந்தது. உம்முடைய காங்கிரஸைக் கொண்டே உம்மை மடக்கலாம் என்று நினைத்தேன். "அந்தச் சட்டத்தாலை ஒருத்தரையும் அனுப்பேல்லை எண்டு நீர்தானே சொன்னனீர்? பிறகென்ன பயம்?"

நீர் ஹீற்றரடியில் இருந்த சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டினீர். பிறகு, எனக்கு அதுவரை சொல்லாத மிச்சத்தைச் சொன்னீர்.

"ஓம், ஒருத்தரையும் அனுப்பேல்லை. சட்டம் வரப்போகுது எண்ட கதைக்கே கப்பல் கப்பலாத் தாங்களாப் போயிட்டினம். கடையைப் பூட்டி, புத்தகங்களை வித்து, பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு. அனுப்பத் தேவையே இல்லாமல் போச்சு. என்ரை கடைசி அத்தியாயம் அதுதான் காணும். அதைத்தான் நான் எழுதி முடிக்கேல்லை."

இவர் உம்மைக் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். காரை மறிப்பார்கள் என்று நடந்தே போனீர்.

அடுத்த ஞாயிறு நான் இறால் குழம்பு வைத்திருந்தேன். அடுப்பை அணைக்கும்போது உம்முடைய அறைக்காரர் ஒருவர் போன் அடித்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் அழுதார். ரூ பஜோல் என்ற தெருவில் பிள்ளையார் கோயிலைத் தாண்டி, மாடியில் அந்த ஒற்றை அறை. நான் அதுவரை அங்கே வந்ததில்லை. நீர் நிலத்தில் மெத்தையில் கிடந்தீர். சட்டை திறந்து கிடந்தது. அறை முழுக்கத் தைலம். இந்த ஊரில் நெருப்புப் பிடித்தாலும் ஆள் விழுந்தாலும் வருகிற பொம்பியேக்காரர்கள் தங்கள் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தார்கள். எப்போது நோ தொடங்கியது என்று அவர்களில் ஒருவர் கேட்டார். வெள்ளிக்கிழமை என்றார் அறைக்காரர். கூப்பிடப் போன ஒவ்வொரு தடவையும் நீர்தான் போனைப் பறித்தீராம். "அவங்கள் வந்தால் உங்களையும் கொண்டுபோவாங்கள்" என்றீராம். அறையில் இருந்த யாரிடமும் பேப்பர் இல்லை. அந்தப் பிள்ளைகள் உமக்கு மல்லித் தண்ணி அவித்துத் தந்து, மாறி மாறித் தைலம் பூசிவிட்டிருக்கிறார்கள்.

பிறகு பொலிசும் வந்தது. நீர் இத்தனை காலம் தெருமாறி ஓடின அதே பொலிஸ். ஒரு பெண், ஒரு ஆண். அறைக்காரர்கள் படிக்கட்டில் சுவரோடு ஒட்டி, சாவுக்கு அழக்கூட முடியாமல் நின்றார்கள். அந்த ஆண் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று. இவருக்கு உறவு யாராவது இருக்கிறீர்களா?

"ஓம், நான்தான். சகோதரி" என்றேன் பிரெஞ்சில். பேப்பரைக் காட்டச் சொல்வார்கள் என்று கைப்பையைத் திறந்தேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அங்கே நின்ற ஒருவரிடமும் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் அப்போதுதான் வீரிட்டு அழுதேன். உமக்காக அழுதேன் என்று நினையாதையும். கோபத்தில் அழுதேன். கேட்க மாட்டார்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேனே! ஒருதரமாவது என்னை நம்பியிருக்கலாமே. இன்னொரு நாள், மெத்ரோ வாசலில் வேறு பொலிஸ் உம்மிடம் கேட்டுத்தான் இருப்பார்கள், அதையும் நான் அறிவேன். உம்முடைய பயம் முழுப்பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முழுப்பொய் என்றால் உம்மை முட்டாள் என்று ஏசிவிட்டு விட்டிருப்பேன்.

நகரசபையான மேரியில் உம்முடைய மரணப் பத்திரத்தை நானே போய் வாங்கினேன். பெயர் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல் இருந்தது. பிரான்ஸ் உமக்கு நீர் விரும்பிய எழுத்தில் தந்த ஒரே பேப்பர். அதைப் பிடித்துக்கொண்டு மெத்ரோவில் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குக் கொன்துரோல் நின்றது. என்னை மறிக்கவில்லை.

இனி இன்று காலை வந்தவரின் கதை. கல்லாவைப் பூட்டினேன். போகிறேன் என்று மட்டும் முதலாளியிடம் சொன்னேன். அந்த மனிதருடைய பாணையும் ரின்னையும் வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவருடைய கையைப் பிடித்தேன். "அக்கா, என்னை விடுங்கோ" என்றார். விடவில்லை. தெருவில் எங்கள் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். வழியில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றார். திரும்பி ஓடப் பார்த்தார், ஓட மூச்சு இல்லை. "உங்களுக்கு ஒரு கதை சொல்லுறன், வாங்கோ" என்று சொல்லிச் சொல்லியே இழுத்துப்போனேன். காங்கிரஸையும் கப்பல்களையும்தான் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிராது.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். பெயர் என்ன?

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். என் வீட்டு மேசையில், லிப்ற் ஓசைக்குக் கையை நிறுத்தும்போது நீர் பார்த்த பார்வை. நான் சொல்வது பிழைத்துப்போனால் என்ன செய்வேன்? ஆனாலும், "சொல்லுங்கோ" என்றேன். அவர் முதற்பெயரைச் சொன்னார். பிறகு தகப்பன் பெயரையும் சேர்த்து முழுதாகச் சொன்னார்.

நாங்கள் வாங்கில் போய் இருந்தோம். என் கோட்டுக் கையில் அவருடைய தைலம் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அந்தப் பெயரைத் தட்டுத் தடுமாறி உரக்க வாசித்தார். என் பக்கத்தில் இருந்தவர் எழும்பினார்.

பெயரைக் கேட்டது உள்ளே கூப்பிடத்தான், காணும்.