வாய்விட்டுப் படிக்காத பாடம்

அக்கா,

இன்று காலை மருமகள் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை பட்டதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலே இருந்துவிட்டேன். கேட்டிருந்தாலும் என்னவென்று கேட்பது?

எழுபதுகளில் சங்கரன்கோவிலிலிருந்து உன்னைத் தனியே காலேஜுக்கு அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. ஒரு வருடம் வீட்டில் நிறுத்தி, தம்பி நான் பள்ளிக்கூடம் முடித்துத் துணைக்கு வந்த பிறகே ராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றினார். ஒரே வகுப்பு, ஒரே பொருளாதாரப் படிப்பு, இருவருக்கும் சேர்த்து ஒரு செட் புத்தகம். அது என் கையில்தான். முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, தெருவுக்கே கேட்கும்படி படிப்பேன். நீ ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிக்கொண்டே கேட்பாய். நீ புத்தகத்தோடு உட்கார்ந்தால் அம்மாவுக்குப் பொறுக்காது. "ஏட்டி, சும்மாதான இருக்க? இங்கன வா" என்பாள். கையில் வேலை இருந்தால் காது என்ன செய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

முதல் வருடம் என்னைவிட நீ அதிக மார்க் வாங்கினாய். டீக்கடையில் ஒரே கேலி. "என்னலே, தொண்டத் தண்ணி வத்தப் படிக்கது நீ, மார்க்கு வாங்குதது ஒங்க அக்காளா?" நானும் சிரித்தேன். வலித்ததா என்று இப்போது யோசித்தால் பிடிபடவில்லை.

கடைசி வருடம், வாத்தியார் நடத்தாமல் விட்ட வங்கிப் பாடத்தை நான் மனதுக்குள்ளேயே படித்தேன். நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"ஏலே, சத்தத்தையே காணோம்?"

"தொண்ட கட்டிட்டுக்கா. இது பரீட்சைக்கு வராது."

வந்தது. நான் எழுதினேன். உனக்கு அந்தப் பேப்பர் போயிற்று. இன்னொரு தடவை எழுதுகிறேன் என்று அழுதாய். "படிச்சது போதும்" என்றார் அப்பா. ஆவணியில் சிவகிரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாய்.

தொண்டை கட்டியிருந்தது உண்மை. பனங்கற்கண்டு தந்ததே நீதான். ஆனால் வராது என்று எதை வைத்துச் சொன்னேன்? தெரியாமலா, தெரிந்தேவா? எவ்வளவு யோசித்தாலும் குழப்பம்தான். நீ ஒருநாளும் என்னைத் திட்டவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்றும் எனக்கு விளங்கவில்லை.

உன் மகளைக் காலேஜில் சேர்க்க வந்த அன்று, அவளுடைய அண்ணனும் அதே படிப்புதானே, புத்தகம் வீட்டிலேயே இருக்குமே என்றேன்.

"இவளுக்குத் தனியா வாங்கணும்லே" என்றாய்.

சாதாரணமாகத்தான் சொன்னாய். அப்படித்தானா? சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன், அக்கா. எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.