விண்ட்சர் வாசலில் இரண்டு தட்டு

ஹெக்ஸம்,
நவம்பர் 9, 1977.

என் கண்ணு எம்லினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அந்த மட்டும் நலம். பெர்லினில் குளிர் ஆரம்பித்துவிட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்க ஆசைதான். ஆனால் நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாயோ என்று பயமாக இருப்பதால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா பிழைக்க மாட்டார்.

பக்கவாதம் வந்து இன்றோடு பத்தொன்பது நாள். தந்தியில் நாலு வார்த்தைக்கு மேல் சொல்ல முடியவில்லை. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. கஞ்சியைக் குழாய் வழியாக இறக்குகிறார்கள். டாக்டரைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "ஒரு வாரம் இருக்கலாம். இன்னிக்கே போனாலும் போகலாம். யாருக்காவது சொல்லணும்னா சொல்லிடுங்கம்மா" என்றார். சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

தெருமுனை டெலிபோன் பெட்டியிலிருந்து உன் முகாமுக்குப் பேசினேன். அங்கிருந்த குமாஸ்தா மரியாதையாகத்தான் பேசினார். "லீவு உடனே குடுத்துடுவாங்கம்மா. ஆனா அவரு கேக்கலையே. வேணாம்னுட்டாரு" என்றார். பெட்டிக்கு வெளியே பக்கத்து வீட்டு ஹில்டா நின்றுகொண்டிருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். லைன் சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. "முந்நூறு மைல் ரயிலேறி வந்து, மூணாவது பொத்தான் மங்கியிருக்குன்னு சொல்லிட்டுப் போனாரும்மா. நாலு வருஷம் கழிச்சுப் பெத்த பிள்ளைகிட்ட பேசின பேச்சு அது. அந்த மனுஷனுக்காக நான் ஏன் வரணும்?" என்று எழுதியிருந்தாய். மூன்று தரம் படித்தேன். முதல் இரண்டு தரமும் கோபம்தான் வந்தது. மூன்றாவது தரத்தில்தான் உறைத்தது. மற்றது உன் காதில் விழவே இல்லை.

எம்லின், அவர் சொன்னது பொத்தானை மட்டும் இல்லையடா.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ படையில் சேர்ந்து சீருடையில் வந்த அன்று நடந்ததை நான் உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. உன் தாத்தாவின் சிவப்புச் சட்டையில் பொத்தான்கள் இரண்டிரண்டாக இருந்தன, அப்பாவின் சட்டையிலும் அப்படித்தான், அவர்கள் படைக்கு அதுதான் அடையாளம். நீ வேறு படையில் சேர்ந்து, ஐந்தைந்தாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். "உங்க படைக்கு வயசு அறுபது. எங்க படை ஆயிரத்து அறுநூத்தி அம்பதுல பொறந்தது. ட்வீட் ஆத்தங்கரையிலேர்ந்து பனியில லண்டன் வரைக்கும் நடந்துபோனது யாரு? எங்க கரடித்தோல் தொப்பியில செவப்பு இறகு இருக்கும்டா. நீ என்னடான்னா வெங்காயத்தாளைச் செருகிக்கிட்டு வந்திருக்கே" என்று குதித்தார். நீ அந்த வெள்ளை பச்சை இறகைத் தடவிக்கொண்டு நின்றாய். அப்போது நான் சிரித்துவிட்டேன். நீ சேர்ந்தது நான் பிறந்த ஊர்ப் படை அல்லவா, உள்ளுக்குள் எனக்குப் பெருமை. நான் சிரித்ததுதான் அவருக்கு ஏறிவிட்டது. "இந்தப் பொத்தானோட என் வாசப்படி ஏறாதே" என்றார். நீ ஏறவே இல்லை. வாயை மூடிக்கொண்டு நான் இருந்திருக்கலாம். இந்த நாலு வருஷமும் அதை நினைக்காத நாள் இல்லை.

இந்த ஜூனில் ராணியின் பிறந்தநாள் அணிவகுப்பை டெலிவிஷனில் காட்டினார்கள். வழக்கமாக அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இவன் துப்பாக்கி சரிகிறது, அவன் முட்டி மடங்குகிறது என்று குறை சொல்லிக்கொண்டே பார்ப்பார். இந்த வருஷம் பேச்சே இல்லை. பார்த்தால் தரையில் முட்டிபோட்டு, மூக்கு டெலிவிஷன் திரையில் ஒட்ட, பொத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். "எல்லாம் ஒரே மாதிரி தெரியுதே, ஓல்வென். இதுல எவன் நம்ம பய?" என்றார். டீயை வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

செப்டம்பரில், பெர்லினுக்குப் போகுமுன், நீ விண்ட்சர் அரண்மனை வாசலில் காவலுக்கு நிற்கிறாய் என்று எழுதியிருந்தாய். கிளம்பு என்றார். வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் போட்டால் போதாதா என்று கேட்டேன். "வீட்டுக்கு வந்தா, நான் வாயைத் திறந்ததும் எந்திரிச்சுப் போயிடுவான். காவல்ல நின்னா போக முடியாதுல்ல?" என்றார். அவ்வளவு பயம் உன்னிடம். யார்க் தாண்டும்வரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "தப்பு என்னுதுதான்டா. வீட்டுக்கு வந்துடு." இவ்வளவுதான் பாடம். "பரீட்சைக்கா போறீங்க?" என்று கேட்டதற்கு முறைத்தார்.

உன் எதிரே வந்து நின்றோம். தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. உன் தாடை மட்டும் இறுகியதைப் பார்த்தேன். அப்பா வாயைத் திறந்தார். வந்தது பழைய சார்ஜென்ட் குரல்தான். "மேலேர்ந்து மூணாவது பொத்தான் மங்கியிருக்கு." அவர் கையைப் பிடித்து நன்றாகக் கிள்ளினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து உன் ஜோடிக் காவலாளி, நடக்கலாம் என்ற சைகையாக, துப்பாக்கிக் கட்டையால் தரையில் இரண்டு தட்டு தட்டினான். நீ குதிகாலை அடித்துத் திரும்பி நடந்தாய்.

அப்போதுதான் சொன்னார், உன் முதுகைப் பார்த்து. தப்பு என்னுதுதான்டா, வீட்டுக்கு வந்துடு. தோளோடு தோள் நின்றதால் எனக்குக் கேட்டது. கல் தரையில் உன் பூட்ஸ் ஆணி போட்ட சத்தத்தில் உனக்கு எங்கே கேட்டிருக்கும்? அன்று எனக்கு அது தோன்றவில்லை. உனக்கும் கேட்டதென்றே நினைத்தேன். அவரும் அப்படியே நினைத்தார்.

பதினைந்து அடி போனாய், திரும்பினாய், வந்தாய், மறுபடி போனாய். மூன்றாம் தரம் நீ திரும்புவதற்குள் அவர் என் கையைப் பிடித்தார். "போலாம், ஓல்வென். பதில் சொல்லிட்டான்."

ரயிலில் நான் விடவில்லை. தட்டினால் நடக்க வேண்டும், அதுதானே உங்கள் சட்டம், இருபத்திரண்டு வருஷம் படையில் இருந்தவருக்கு நானா சொல்லித்தர வேண்டும் என்று சண்டை போட்டேன். "நான் நடக்கலையே" என்றார். உனக்கு இது தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால், அவரோடு சரிப்படாது என்று முடிவுபண்ணி, ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று சொல்ல லண்டனில் அவர் காவல் நின்ற வாசலுக்குப் போனேன். நான் அழுதுகொண்டே பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஆள் தட்டினான். இவர் அசையவில்லை. மறுபடி தட்டினான். நான் பேசி முடிக்கும்வரை அப்படியே நின்றார். அதற்கு ஏழு நாள் தண்டனை. அந்த ஏழு நாளுக்காகத்தான் நான் ஊருக்குப் போகாமல் இருந்துவிட்டேன். "நிக்கணும்னு நெனச்சா நிக்கலாம், ஓல்வென். அவன் நெனைக்கலை" என்றார். அதற்கப்புறம் உன் பெயரை எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அடுப்படியில் விழுந்தார். மேஜைமேல் பாதி கட்டிய பொட்டலம் கிடந்தது. உள்ளே அவர் எப்போதும் வாங்கும் பித்தளைப் பாலிஷ் டப்பா ஒன்று, புதுசு. மேலே உன் பெயரும் முகாமின் பெயரில் பாதியும். அதற்குமேல் எழுத முடியவில்லை போலிருக்கிறது. அதை நான் தபாலில் போடப்போவதில்லை. நீயே வந்து எடுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "அவனுக்குக் கேக்கலைங்க. நீங்க சொன்னது அவன் காதுலயே விழலைங்க" என்று காதோரம் குனிந்து சொன்னேன். இடது கண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. புரிகிறதா என்று நர்ஸைக் கேட்டேன். "எங்களாலயே சொல்ல முடியலை, மிஸஸ் ராப்சன்" என்றாள். புரிந்தாலும் நான் சொல்வதை அவர் நம்ப மாட்டார். உங்கள் இருவருக்கும் நடுவே நின்று, அவன் உங்களைக் கேட்டான், அவர் உன்னை விசாரித்தார் என்று நான் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன். இன்று உண்மையைச் சொல்லும்போது என் வாய்க்கு மதிப்பில்லை.

பிள்ளை தன் முகத்தைப் பார்த்து முதுகைத் திருப்பிவிட்டான் என்றே அவர் போகப்போகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாவு வந்தால் வரட்டும், எல்லோருக்கும் வருவதுதான். இப்படிப் போகக்கூடாது.

நீ வருவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, எம்லின். இந்தக் கடிதம் சமயத்துக்கு வந்து சேரும் என்றும் இல்லை. வேறு எதுவும் செய்யத் தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வந்தால் சீருடையிலேயே வா. அந்தப் பொத்தானோடேயே வாசற்படி ஏறு. பிறகு ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்கு எதிரே போய் நின்று, அன்று காதில் விழவில்லை என்பதை உன் வாயால் சொல்லு. வேண்டுமானால் திட்டிவிட்டுச் சொல்லு. இப்போது அவரும் எழுந்து போக முடியாது. நடுவில் தட்டவும் அங்கே யாரும் இல்லை. கண் உன் பக்கம் திரும்பாது, முகத்தில் ஒன்றும் தெரியாது. கேட்கவில்லை போலிருக்கிறது என்று பாதியில் நிறுத்திவிடாதே. ஆடாமல் அசையாமல் நிற்கிறவனுக்கு உள்ளே என்னென்ன ஓடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ பேசி முடிக்கும்வரை அவர் நிற்பார், கண்ணு. எனக்காக நின்றவர்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
ஓல்வென்.

பார்வையாளர் நேரம் மதியம் இரண்டிலிருந்து நாலு. நர்ஸிடம் சொல்லிவைத்திருக்கிறேன், நீ எப்போது வந்தாலும் உள்ளே விடுவார்கள்.